ஒரே வாசல், இரண்டு பதில்

கோலார் தங்கவயலை அடுத்த பூதிகோட்டையில் வறுமைக்கோட்டு அட்டை வைத்திருக்கும் குடும்பத்துக்கு, 2018இல் வந்த ஆயுஷ்மான் பாரத் - ஆரோக்கிய கர்நாடகா திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு உறுதி தருகிறது. ஆனால் மருத்துவமனைகள் இதில் துறைவாரியாகவே சேர்க்கப்படுகின்றன. இதயப் பிரிவில் செல்லும் அட்டை, அதே கட்டடத்தின் எலும்புப் பிரிவில் செல்லாமல் போகலாம். அப்படியானால் வாக்குக் கொடுத்தது யார், துறையா, மருத்துவமனை என்ற நிறுவனமா? அரசு தரும் தொகை எல்லாத் துறைக்கும் கட்டுப்படியாகாது என்பார்கள். நியாயம்தான், நஷ்டப்பட்டு தர்மம் செய் என்று யாரையும் வற்புறுத்த முடியாது. ஆனால் நம்பிக்கையை நிறுவனத்தின் பெயரில் சம்பாதித்துவிட்டு, கைவிரிப்பதை மட்டும் துறையின் பெயரில் செய்வது வாக்குத் தவறுவதேதான். விதி அனுமதிக்கிறது என்பதால் அறம் அனுமதித்ததாகாது. எந்தெந்தத் துறையில் அட்டை செல்லாது என்பதைக் கன்னடத்திலும் தமிழிலும் வாசலிலேயே எழுதி வையுங்கள்.