காட்சியும் கடனும்

இன்பங்களுள் குற்றமற்றது எது என்று வினவினால், இயற்கையைக் காணும் இன்பமே என்று பலரும் விடையிறுப்பர். காண்பதனால் மலை தேய்வதில்லை. வியப்பதனால் ஆறு வற்றுவதில்லை. ஒருவன் கண்டு மகிழ்ந்த அழகு, அடுத்து வருபவனுக்கும் குறையாமல் எஞ்சி நிற்கிறது. ஆகவே, காட்சியைக் காண்பவன் எவர்க்கும் கடன்பட்டவன் அல்லன் என்பது அவர்தம் துணிபு. இத்துணிபு முற்றும் பொருந்துமா என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

சிலாங்கூர் மாநிலத்தின் கோலசிலாங்கூர் மாவட்டத்தில் புஞ்சாக் ஆலாம் என்றோர் ஊர் உள்ளது. மலாய் மொழியில் ‘புஞ்சாக்’ என்பது சிகரத்தையும், ‘ஆலாம்’ என்பது இயற்கையையும் குறிக்கும். பெயரில் சிகரம் இருப்பினும் ஊரில் மலை இல்லை. செம்பனை சூழ்ந்த சிறு மேடுகளே உள்ளன. அங்கு வாழும் இளைஞன் ஒருவன், ஞாயிற்றுக்கிழமை விடியலில், உண்மையான சிகரத்தைக் காணத் தன் மோட்டார் சைக்கிளில் புறப்படுகிறான் என்று வைத்துக்கொள்ளலாம். அவன் பாட்டனும் தந்தையும் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிழைத்தவர்கள். ரவாங், செரண்டா, பத்தாங் காலி, ராசா ஆகிய ஊர்களைக் கடந்து கோலகுபு பாருவை அடைகிறான். அதற்கப்பால் சாலை தித்திவங்சா மலைத்தொடரில் ஏறத் தொடங்குகிறது.

காரில் செல்பவன் மலையைக் கண்ணாடி வழியே காண்கிறான். மோட்டார் சைக்கிளில் செல்பவனோ உடம்பெல்லாம் உணர்கிறான். வளைவுக்கு வளைவு காற்று குளிர்கிறது. ஒருபுறம் செங்குத்தாக வெட்டிய மண்சரிவு. மறுபுறம் மூங்கிலும் பெரணியும் மண்டிய பள்ளத்தாக்கு. முகில் சாலையில் இறங்கி அவன் முகத்தை நனைக்கிறது. ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் பிரேசர் மலை அவனுக்காகக் காத்திருக்கிறது.

ஆனால், மலையேற்றத்தின் தொடக்கத்திலேயே அவன் வண்டியை நிறுத்துகிறான். மலைகளுக்கிடையே பச்சை நிறத்தில் ஒரு பேரேரி விரிந்து கிடக்கிறது. அது இயற்கை ஏரி அன்று. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் சிலாங்கூர் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட அணையின் நீர்த்தேக்கம். கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் பருகும் நீரில் பெரும்பங்கு இவ்வாற்றினுடையது. இவ்வணையின் பொருட்டு, கெராச்சி, பெர்தாக் என்னும் ஊர்களில் வாழ்ந்த தெமுவான் பூர்வகுடியினர் தம் பழைய இடங்களை விட்டு வேறிடத்தில் குடியமர்த்தப்பட்டனர். வழிப்போக்கன் எழில் என்று காணும் நீர்ப்பரப்பில் அவர்கள் காண்பது யாது? இழந்த மண்ணை அன்றோ!

காட்சி என்பது காணும் பொருளில் மட்டும் இல்லை. காண்பவன் நிற்கும் இடத்திலும் இருக்கிறது. இதே மலைச்சாலையின் வளைவொன்றில்தான் 1951-ஆம் ஆண்டு அக்டோபர் 6-ஆம் நாள் பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்டார். பயணிக்கு அழகாகத் தோன்றும் வளைவு, அன்று பதுங்கியிருந்தவர்க்கு அரணாகத் தோன்றிற்று. மலை ஒன்றே, பார்வைதான் வேறு.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். ஆறு நாளும் உழைத்துக் களைத்தவன் ஏழாம் நாள் சிறிது மகிழ்கிறான். அவனிடம் போய், ‘இந்த ஏரியின் கணக்கைப் பார், அந்த வளைவின் கதையைக் கேள்’ என்று கூறுவது கொடுமை அன்றோ? அணையைக் கட்டியவன் அவன் அல்லன். எவரையும் பெயர்த்தவனும் அல்லன். தலைமுறை தலைமுறையாக ஓய்வு என்பதையே அறியாத குடும்பத்தில் பிறந்தவனுக்கு இந்த மகிழ்ச்சியையும் மறுக்கலாமா?

இம்மறுப்பில் நியாயம் உண்டு. மகிழ்ச்சியை மறுக்க எவர்க்கும் உரிமை இல்லை. ஆயினும் தோட்டத்து மகனுக்கு ஓர் உண்மை பிறரினும் நன்கு விளங்கும். ஒரு காலத்தில் அவன் முன்னோரே பிறருடைய காட்சியாக இருந்தனர். நெடுஞ்சாலையில் காரில் சென்றவர், வரிசை தப்பாத இரப்பர் மரங்களையும், அவற்றினிடையே அசையும் தலைப்பாகைகளையும் கண்டு, ‘என்ன அழகு!’ என்று வியந்து சென்றனர். அம்மரங்களின் கீழ்க் கொசுக்கடியும் குறைந்த கூலியும் இருந்ததை அவர் அறிந்திலர். பின்னர்த் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது, லயங்களும் கோயில்களும் பெயர்ந்த துயரையும் சாலையில் சென்றவர் அறிந்திலர். அறியாமல் பார்ப்பதால் பார்க்கப்படுபவனுக்கு நேரும் சிறுமை எத்தகையது என்பதைத் தோட்டத்து மக்கள் பட்டு உணர்ந்தவர்கள். அச்சிறுமையை அவர்தம் பிள்ளைகளே தெமுவான் மக்களுக்குச் செய்யலாகாது.

ஆகவே, காண்பவனுக்கும் ஒரு கடன் உண்டு. அது மகிழாமல் இருப்பது அன்று, அறிந்து மகிழ்வது. வழியில் உள்ள ஊர்களின் பெயரையும், அங்கு வாழ்ந்தோர் வரலாற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்வது. நாளை வேறொரு காடோ குடியிருப்போ வளர்ச்சியின் பெயரால் அகற்றப்படும்போது, ‘நமக்கென்ன?’ என்று வாளாவிராமல் இருப்பது. அறிவு இன்பத்தைக் கெடுக்கும் என்பது வீண் அச்சமே. ஒரு வீட்டின் துயரை அறிந்த விருந்தினன் அவ்வீட்டின் உணவை வெறுப்பதில்லை, நன்றியோடு உண்கிறான்.

மாலையில் இளைஞன் மலையிறங்குகிறான். சிலாங்கூர் ஆறும் அதே மலையிலிருந்து இறங்கிக் கோலசிலாங்கூரில் கடலோடு கலக்கிறது. வீடு திரும்பிக் குழாயைத் திறந்து முகம் கழுவும்போது, அந்நீர் எவ்வழி வந்தது என்பதை அவன் ஒரு கணம் நினைப்பானாயின், அன்றைய பயணம் பயனுடையதாகும்.