குளிர்ச்சிக்கும் கணக்கு உண்டு

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



கோடை வந்துவிட்டால் நம் வீடுகளில் இரண்டு பேச்சுகள் ஓயாமல் நடக்கும். ஒன்று, "என்ன புழுக்கம்!" என்பது. மற்றொன்று, கரண்டு பில் வந்த அன்று நடக்கும் பேச்சு. முதல் பேச்சில் வீடே ஒன்றுபடும். இரண்டாவதில் வாப்பா ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம். இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு பேச்சு இருக்கிறது. அதை நாம் பேசுவதே இல்லை. நாம் அனுபவிக்கும் இந்தக் குளிர்ச்சியைப் பற்றி நாளை மறுமையில் கேள்வி உண்டே, அதற்கு என்ன பதில் வைத்திருக்கிறோம் என்பதுதான் அது.

வெப்பத்திலிருந்து தப்ப நாடுவது குற்றமா? ஒருபோதும் இல்லை. 'நஹ்ல்' அத்தியாயத்தின் 81ஆம் வசனத்தில் நிழலையும், மலைகளின் ஒதுக்கிடங்களையும், வெப்பத்தைத் தடுக்கும் ஆடைகளையும் தன்னுடைய அருட்கொடைகளாகவே அல்லாஹுத்தஆலா எண்ணிக் காட்டுகிறான். ஒரு பிரயாணத்தில் முஅத்தின் லுஹருக்குப் பாங்கு சொல்ல எழுந்தபோது, சற்று வெக்கை தணியட்டும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் நிறுத்தினார்கள். மணல் மேடுகளின் நிழல் தரையில் விழும் வரை பொறுத்திருந்து தொழுதார்கள் என்பது புகாரி ஷரீஃபில் வரும் செய்தி. தொழுகை நேரத்திலேயே உடலின் வேதனையைக் கவனித்த மார்க்கம் இது. ஆகவே வயதான உம்மாவும் பச்சைக் குழந்தையும் வெக்கையில் வாடாமல் பார்த்துக்கொள்வது நம் கடமையின் ஒரு பகுதி.

ஆனால், நிஃமத் என்று ஒப்புக்கொண்ட மாத்திரத்தில் அதற்கு வரம்பும் வந்துவிடுகிறது. 'ஃபுர்கான்' அத்தியாயத்தின் 67ஆம் வசனம் வீண்விரயத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் நடுவே நிற்பதையே நல்லடியார்களின் அடையாளமாகச் சொல்கிறது. 'பனீ இஸ்ராயீல்' அத்தியாயத்தின் 27ஆம் வசனமோ விரயம் செய்பவர்களை ஷைத்தானோடு உறவுமுறை சொல்லிக் கண்டிக்கிறது. உணவுக்கும் உடைக்கும் உள்ள இந்தச் சட்டம் மின்சாரத்துக்கு மட்டும் இல்லாமல் போகுமா?

விரயம் எங்கே நடக்கிறது?

ஏ.ஸி. எந்திரம் குளிரை உண்டாக்குவதில்லை. அறைக்குள் இருக்கும் வெப்பத்தை வாரி வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். ஆகவே வெளியிலிருந்து எவ்வளவு வெப்பம் உள்ளே வருகிறதோ அவ்வளவுக்கு அது உழைக்க வேண்டும். கதவு இடுக்கு, திரையில்லாத மேற்கு ஜன்னல், கொதிக்கும் மொட்டைமாடி ஆகிய மூன்றையும் அப்படியே விட்டுவிட்டு ஏ.ஸி.யைப் போடுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் இறைப்பதற்குச் சமம்.

"18இல் வை, சீக்கிரம் குளிரும்" என்பார்கள் பிள்ளைகள். ஒரு மணி நேரத்தில் எந்திரம் எவ்வளவு வெப்பத்தை வெளியேற்ற முடியுமோ அவ்வளவைத்தான் வெளியேற்றும். 18 என்று வைப்பதால் அதன் வலிமை கூடிவிடாது; எட்ட முடியாத இலக்கை எட்டப் பார்த்து நிற்காமல் ஓடும். பிறகு நாம் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்வோம். காசு கொடுத்துக் குளிரை வாங்கி, அந்தக் குளிருக்குப் பயந்து போர்வைக்குள் புகுவதற்கு இஸ்ராஃப் என்றல்லாமல் வேறென்ன பெயர் வைப்பது?

ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம். 20இல் வைப்பவர் 24இல் வைத்தால் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு மிச்சம். நட்சத்திரக் குறியிட்டு விற்கப்படும் ஏ.ஸி.கள் திறந்தவுடன் 24 டிகிரியில் நிற்கும்படி அமைக்கப்பட வேண்டும் என்ற விதி 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கூடவே மின்விசிறியையும் மெல்ல ஓடவிட்டால் 26கூடப் போதும். உடலின் மீது காற்று படும்போது வியர்வை உலர்ந்து இரண்டு மூன்று டிகிரி குறைந்தது போல் இருக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எந்திரத்தின் வடிகட்டியைக் கழற்றித் தூசி தட்டிக் கழுவிவிடுங்கள். இதற்கு மெக்கானிக் வேண்டியதில்லை.

ஏ.ஸி. இல்லாத வீட்டுக்கும் கணக்கு உண்டு. பழைய மாதிரி மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் எடுக்கும். பி.எல்.டி.ஸி. என்ற புதுவகை விசிறி 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். நாளொன்றுக்கு 15 மணி நேரம் ஓடினால் ஒரு விசிறிக்கு மாதம் 20 யூனிட் மிச்சம். நாலு விசிறிக்கு 80 யூனிட். தண்ணீரில் ஓடும் ஏர்கூலர் வாணியம்பாடி, ஆம்பூர் போன்ற வறண்ட ஊர்களுக்கு ஏற்றது. ஜன்னலைத் திறந்து வைத்தால்தான் அது பலன் தரும். காயல்பட்டினம், நாகூர் போன்ற கடற்கரை ஊர்களில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் அது புழுக்கத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. வாங்கும் முன் இதை யோசிக்க வேண்டும்.

முன்னோர்களிடம் இருந்த அறிவு

நம் பாட்டன்மார் நடுவில் முற்றம் விட்டார்கள். தடித்த சுவர் எழுப்பினார்கள். மாடியில் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டுத் தட்டோடு பதித்தார்கள். எகிப்திலும் ஈரானிலும் முஸ்லிம்கள் கூரைக்கு மேல் காற்றுக் கோபுரம் கட்டி, உயரத்தில் வீசும் காற்றை வீட்டுக்குள் இறக்கினார்கள். எகிப்தின் கட்டடக் கலைஞர் ஹஸன் ஃபத்ஹீ (1900-1989) இந்தப் பழைய முறைகளையே மீண்டும் எடுத்து, லக்ஸர் நகருக்கருகே 1940களில் புது குர்னா என்ற கிராமத்தை மண்கல்லால் கட்டிக் காட்டினார். ஏழைக்கும் குளிர்ந்த வீடு கிடைக்க வேண்டும் என்பது அவருடைய கவலை.

நாமோ வெறும் கான்கிரீட் தளம் போட்டு வாழ்கிறோம். அது பகலெல்லாம் வெயிலைக் குடித்து, இரவில் நம் தலைமேல் அந்த வெப்பத்தை இறக்குகிறது. இதற்கு எளிய பரிகாரம் உண்டு. மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்போ வெப்பத்தைத் திருப்பும் வெள்ளைப் பூச்சோ அடியுங்கள். மேற்குச் சுவருக்குப் பந்தலோ வேம்போ நிழல் தரட்டும். ஜன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே தட்டி கட்டுவது மேல். வெயில் கண்ணாடியைத் தாண்டுமுன்பே தடுக்கப்பட்டுவிடும்.

சுடுதண்ணீர் விஷயமும் இதுவே. நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு 'முத்' நீரில் ஒலூச் செய்தார்கள். ஒரு ஸாவு முதல் ஐந்து 'முத்' வரையுள்ள நீரில் குளித்தார்கள். ஒரு 'முத்' என்பது இரு கை கொள்ளும் அளவு. ஒரு ஸாவு நாலு 'முத்'. நம் வீட்டுக் கீஸரில் 15 லிட்டர் நீரை 35 டிகிரி சூடேற்ற சுமார் 0.6 யூனிட் செலவாகும். குளித்தவர் நிறுத்தாமல் போனால் தொட்டி ஆற ஆறக் கீஸர் மீண்டும் சுடவைத்துக்கொண்டே இருக்கும். மாடியை எரிக்கும் அதே வெயில், சூரிய வெந்நீர்க் கலன் வைத்தால் செலவின்றி நீரைச் சூடாக்கித் தரும். படுக்குமுன் விளக்கை அணைக்கச் சொன்ன நபியின் உம்மத் நாம். இரவு படுக்கப் போகும்போது வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி ஸ்விட்சுகளைப் பார்ப்பது, தீ விபத்துக்குக் காப்பாகவும் அமையும். ஸுன்னத்தின் நோக்கத்தைப் பேணியதாகவும் ஆகும்.

பிறர் ஹக்கு

சகோதரர்களே! கொஞ்சம் கசப்பான விஷயத்துக்கு வருகிறேன். சிலர் மீட்டரில் கைவைக்கிறார்கள். கம்பத்திலிருந்து கொக்கி போடுகிறார்கள். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 135ஆம் பிரிவு இதைத் திருட்டு என்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் திருட்டு திருட்டே! ஒரு மனிதரிடம் எடுத்ததை அவரைத் தேடிப்போய்த் திருப்பிக் கொடுக்கலாம். ஊர் முழுவதற்கும் சொந்தமானதை எடுத்தவர் யாரிடம் போய் ஹலால் கேட்பார்? திருடிய கரண்டில் குளிர்ந்த அறையில் தஹஜ்ஜுத் தொழுது என்ன பயன்?

வட்டித் தவணையில் ஏ.ஸி. வாங்கிக் குளிர்காய்வதும் அப்படித்தான். உடல் குளிரும், மறுமை கொதிக்கும். கைக்காசு சேரும் வரை வெள்ளைப் பூச்சும் விசிறியும் போதும் என்று பொறுப்பவர் நஷ்டப்பட்டவர் அல்லர்.

அண்டை வீட்டாரை மறந்துவிடாதீர்கள். நம் எந்திரம் வெளியே தள்ளும் அனல் எங்கே போகிறது? ஒடுங்கிய சந்தில் எதிர்வீட்டு ஜன்னலுக்கு நேரே அதைப் பொருத்தினால், நம் வெக்கையை அவர்கள் வீட்டுக்கு அனுப்பியதாகத்தான் பொருள். அந்த வீட்டில் ஏ.ஸி. வாங்க வசதியில்லாத ஒரு விதவைத் தாய் இருக்கலாம். பிறருக்குத் தீங்கு செய்யாதே என்பது நம் ஷரீஅத்தின் அடிப்படை விதிகளில் ஒன்றல்லவா? இன்னும் தூரத்தில் பாருங்கள். நாம் வீணாக்கும் ஒவ்வொரு யூனிட்டின் பின்னாலும் நெய்வேலியில் வெட்டிய பழுப்பு நிலக்கரியோ, மேட்டூரிலோ வடசென்னையிலோ எரித்த நிலக்கரியோ இருக்கக்கூடும். அதன் புகையையும் சாம்பலையும் சுவாசிப்பவர்களும் அண்டை வீட்டார்தாம்.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். நாலு ஸஃப்பு மட்டும் நிற்கும் அஸருக்கு முழு மண்டபத்தையும் குளிர்விக்க வேண்டுமா? ஏழைகள் உண்டியலில் போட்ட காசு அது, வக்ஃபின் அமானிதம். ஜும்ஆவுக்கு ஒரு கணக்கும், மற்ற வக்துக்கு ஒரு கணக்கும் வைப்பது முத்தவல்லிமாரின் பொறுப்பு.

கடைசியாக ஒன்று. மிச்சப்படுத்தச் சொன்னது பெட்டியில் பூட்டி வைக்க அல்ல. பல வீடுகளில் ஹாலில் ஏ.ஸி. 20 டிகிரியில் ஓடுகிறது. விருந்தாளிக்கு மரியாதை என்கிறார்கள். மாடி அறையில், கொதிக்கும் தளத்துக்கு நேர் கீழே, முனகும் ஒரு பழைய விசிறியின் அடியில் உம்மா படுத்திருக்கிறார்கள். "எனக்குப் பழகிப்போச்சு வாப்பா" என்று அவர்கள் சொன்னதை நாமும் நம்பிவிட்டோம்! ஹாலில் குறைத்து அவர்கள் அறைக்குக் கொடுங்கள். அந்த அறையின் மேல்தளத்துக்கு முதலில் வெள்ளை அடியுங்கள். அதன் பிறகும் காசு மிஞ்சினால், தகரக் கூரையின் கீழ் படிக்கும் ஒரு பிள்ளைக்கு விசிறி வாங்கிக் கொடுங்கள். இப்படிச் செய்தால் மிச்சம் பிடித்ததும் இபாதத்தாகிவிடும்.

கொடுத்த நிஃமத்தை அளவறிந்து அனுபவித்து, பிறர் ஹக்கைப் பேணி, பெற்றோரைக் குளிர வைத்து வாழும் நற்பாக்கியத்தை வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.