எட்டு நிமிஷ உண்மை

அமெரிக்காவில் ஒரு பங்குத் தரகுக் கம்பெனியில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன் விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தான். பங்கு வாங்குவதோ விற்பதோ அவன் வேலை அல்ல. வாடிக்கைக்காரர்களுக்குச் சட்டப்படி கொடுக்க வேண்டிய காகிதங்கள் போய்ச் சேர்ந்தனவா, கையெழுத்து வந்ததா, கோப்பில் ஏறியதா என்று பார்ப்பதுதான் அவன் வேலை.

"சித்தப்பா, நீங்கள் எழுதுவதை நாலு பேராவது படிக்கிறார்கள். நாங்கள் அனுப்புவதை ஒருவரும் படிப்பதில்லை. ஆனால் ஒரு தாள் குறைந்தால் எங்கள் தலை உருளும்" என்று சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்போடு அவன் சொன்ன ஒரு கணக்கு சில நாட்களாக என்னைத் தூங்கவிடவில்லை.

அந்த நாட்டில், பெரிய சந்தைகளில் இடம் பெறாமல், பொதுவாக 5 டாலருக்கும் குறைந்த விலையில் கைமாறும் பங்குகளைப் 'பென்னி ஸ்டாக்' என்கிறார்கள். சல்லிக்காசுப் பங்கு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். இவற்றில் ஏமாந்தவர்கள் பலர். அதனால் 1990-இல் ஒரு சட்டமும், அதையொட்டிச் சில விதிகளும் வந்தன. இந்தப் பங்கில் உள்ள அபாயங்களைச் சொல்லும் பத்திரத்தைத் தரகர் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்க வேண்டும். இந்த வியாபாரத்தில் தமக்கும் தம் விற்பனையாளருக்கும் கிடைப்பது எவ்வளவு என்பதையும் சொல்ல வேண்டும்.

நல்ல விதிகள்தாமே? ஆனால், 1980-இல் அங்கே வேறொரு சட்டமும் வந்திருந்தது. மக்கள் மேல் ஒரு காகிதத்தைச் சுமத்துகிற அரசாங்க இலாகா, அதனால் எத்தனை மணி நேரம் செலவாகும் என்று கணக்கிட்டுச் சொல்ல வேண்டும் என்பது அதன் கட்டளை. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் ஆணையமும் அவ்வாறே கணக்கிட்டது. அபாயப் பத்திரத்தைப் படியெடுத்துத் தபாலில் அனுப்பத் தரகருக்கு 2 நிமிஷம். வாடிக்கைக்காரர் அதைப் பார்த்துக் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்ப, மிஞ்சிப் போனால் 8 நிமிஷம்.

எட்டு நிமிஷம்! நம் வீட்டுப் பெண்கள் கத்தரிக்காயைப் புழு பார்த்துப் பொறுக்குவதற்குக்கூட இது போதாது. ஒரு மனிதன் தன் சேமிப்பைக் கொண்டுபோய்க் கொட்டுகிற இடத்தில் உண்மைக்கு ஒதுக்கிய நேரம் அவ்வளவுதான்.

1929-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்து லட்சக்கணக்கான குடும்பங்கள் நொடித்துப் போயின. அதற்குமுன், ஏமாந்தால் அது வாங்கினவன் பாடு என்பதே வியாபார தர்மமாக இருந்தது. 1933 மார்ச்சில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் இதை மாற்றக் கோரி அந்நாட்டுக் காங்கிரஸுக்குச் செய்தி அனுப்பினார். முழு உண்மையையும் சொல்லும் பாரம் விற்பவன் தலையில் இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்த ஆண்டே ஒரு சட்டமும், அடுத்த ஆண்டு மற்றொரு சட்டமும் வந்தன. ஆணையமும் பிறந்தது.

பாரம் என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். 1933-இல் அது மனசாட்சியின் பாரம். 1980-இன் சட்டத்திலும் அதே சொல்தான். ஆனால் அங்கே அது நிமிஷங்களின் பாரம். இவ்விரண்டுக்கும் நடுவில் அசல் பாரம் எங்கே போயிற்று? கையெழுத்துப் போட்ட மறுகணம் அது வாங்கினவன் தலைக்கே திரும்பிவிட்டது. "சொல்லவில்லையே" என்று அவன் இனி அழ முடியாது. அவனைக் காக்கப் பிறந்த காகிதம், அவனுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது.

சொல்லிவிடுவதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. 2005-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் மூவர் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். ஒரு கண்ணாடி ஜாடியில் நாணயங்கள். அதை அருகிலிருந்து பார்த்தவர், தூரத்திலிருந்து பார்த்தவருக்கு மதிப்புச் சொல்ல வேண்டும். மதிப்பு உயர உயரச் சொல்பவருக்கு லாபம். அந்த லாபத்தை வெளிப்படையாக அறிவித்தபோது என்ன நடந்தது தெரியுமா? சொல்பவர்கள் முன்னைவிட அதிகமாகவே உயர்த்திச் சொன்னார்கள். 'எச்சரித்துவிட்டோமே' என்ற தைரியம்! கேட்டவர்களோ போதிய அளவு கழித்துக்கொள்ளவில்லை.

இதை அறிய நமக்கு ஜாடி வேண்டியதில்லை. குருக்ஷேத்திரத்தில் தருமபுத்திரர் அசுவத்தாமன் இறந்ததை உரக்கச் சொன்னார். யானை என்பதை முணுமுணுத்தார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனாலும் தரையைத் தொடாமல் ஓடிய அவர் தேர் அன்று மண்ணில் இறங்கியது. பத்திரங்களின் பொடி எழுத்தெல்லாம் தருமபுத்திரர் முணுமுணுத்த யானைதான்.

ஊரார் கதை எதற்கு? என் கதையையே சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் தகப்பனாரின் வீட்டை விற்றேன். கொல்லைக் கிணறு சித்திரையில் வற்றிவிடும். வாங்க வந்தவர் ஓய்வு பெற்ற குமாஸ்தா. கிணறு ததும்பும் கார்த்திகையில் வந்தார். முன்பணத்தைக் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று அவர் செருப்பை மாட்டும்போது நான் எல்லாவற்றையும் சொன்னேன். எந்த ஓடு ஒழுகும், எந்தக் கதவு மழையில் பிடிக்கும், பக்கத்துச் சுவரில் யாருக்குப் பாத்தியதை என்ற வரிசையில், கோடையில் கிணறு வற்றும் என்பதையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே படியிறங்கினார்.

மறு சித்திரையில் அவரைக் கடைத்தெருவில் பார்த்தேன். தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றார். நான் வாய் திறக்குமுன் அவரே, "நீங்கள் சொன்னீர்கள், ஸார். நான்தான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை" என்றார். அவர் சண்டை போட்டிருந்தால் என் மனம் இத்தனை கனத்திருக்காது.

அதற்காகக் காகிதமே வேண்டாம் என்று சொல்வேனா? மாட்டேன். காகிதம் இல்லாத காலத்தில் எளியவனுக்கு எந்தச் சாட்சியும் இல்லை. 2020 முதல், தம்மைப் பற்றி இரண்டு பக்கத்துக்குள் எளிய நடையில் எழுதிக் கொடுக்கும்படி தரகர்களுக்கு விதி செய்திருக்கிறார்கள், அதுவும் நன்மைதான். ஆனால் சல்லிக்காசுப் பங்கு விதியில் என் மனத்தைத் தொட்டது வேறோர் அம்சம். பத்திரத்தை அனுப்பிய பின் குறைந்தது 2 வேலை நாட்கள் தரகர் காத்திருக்க வேண்டும். அதற்குமுன் வியாபாரம் கூடாது.

அந்த இரண்டு நாளில் வாங்குகிறவன் மனைவியைக் கேட்கலாம், விவரம் தெரிந்தவரைக் கேட்கலாம், வேண்டாமென்றும் சொல்லிவிடலாம். விற்பவனுக்கு நஷ்டம் வரக்கூடிய நாட்கள் அவை. அந்த நஷ்டத்துக்குத் துணிந்து சொல்வதே உண்மை. வியாபாரம் முடிந்த பிறகோ, முடியும் அவசரத்திலோ சொல்வது வெறும் தற்காப்பு.

கார்த்திகையில் அந்த மனிதர் முன்பணத்தை எடுக்குமுன், கிணற்றடிக்கு அழைத்துப்போய், "சித்திரையில் ஒருமுறை வந்து பாருங்கள், பிறகு பேசலாம்" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு எட்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது.