மருந்து கொடுப்பது இல்லறத்தார் கடமை

சித்தன்னவாசல் மலையின் ஏழடிப்பட்டத்தில் சமண முனிவர்களுக்காகப் பாறையில் செதுக்கி வழவழப்பாக்கிய படுக்கைகள் இருக்கின்றன. அங்குள்ள தமிழிக் கல்வெட்டு 2,000 ஆண்டுகளுக்கு மேல் பழமையானது என்று கருதப்படுகிறது. உணவு, உறக்கம், உறவு என்று உடலின் தேவைகளை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனவர்கள் படுத்த கற்கள் அவை. அங்கிருந்து சுமார் 16 கிலோமீட்டரில் புதுக்கோட்டை நகரம். 2017-இல் அங்கே அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. அது போன்ற மருத்துவமனைகளின் வார்டுகளில் நைட் டூட்டி பார்க்கும் இளம் மருத்துவரிடம் நம் சமூகம் எதிர்பார்ப்பதும் ஏறக்குறைய அந்தக் கற்படுக்கைத் துறவைத்தான். தூக்கம் வருகிறது, வீட்டில் குழந்தை காத்திருக்கிறது, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று அவர் சொன்னால், “அப்படியானால் ஏன் டாக்டருக்குப் படித்தாய்?” என்ற கேள்வி உடனே எழுகிறது. மருத்துவமனைப் பணியைத் தேர்ந்தெடுத்த ஒருவர் தனக்கென்று ஒரு வாழ்க்கையைக் கேட்பது அறப்பிழையா? இல்லை என்பது என் முடிவு. அதற்கான முதல் காரணத்தை அந்த மலைமேல் இருந்தவர்களின் சமயமே தருகிறது.

சமணம் அறத்தை இரண்டு தளங்களில் வைத்தது. துறவிக்கு மகாவிரதம், இல்லறத்தாருக்கு அணுவிரதம். கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை என்று விரதங்கள் ஒன்றுதான். முன்னவருக்கு அவை எல்லையற்றவை, பின்னவருக்கு அளவுள்ளவை. இல்லறத்தாருக்கு அது வகுத்த தானங்கள் நான்கு: உணவு, அபயம், மருந்து, சாத்திரம். மருந்து எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று கவனிக்க வேண்டும். உடைமை எதுவும் இல்லாத துறவி மருந்து கொடுப்பவர் அல்லர், நோயுற்றால் பெற்றுக்கொள்பவர். கொடுப்பவர் வீடும் வருவாயும் குடும்பமும் உள்ளவர். நோய் தீர்க்கும் வேலையை அந்த மரபு இல்லறத்தின் கையில் ஒப்படைத்திருக்கிறது. திருக்குறளின் இல்வாழ்க்கை அதிகாரமும் இதற்குத் துணை நிற்கிறது. இல்லறத்தான் பேண வேண்டியவர்களை வள்ளுவர் எண்ணிச் சொல்லும்போது முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார் ஆகியோரோடு தன்னையும் ஐந்தாவதாகச் சேர்க்கிறார். தன்னைக் காத்துக்கொள்வதை அவர் சலுகையாகத் தரவில்லை; கடமைகளின் வரிசையிலேயே வைத்திருக்கிறார். அப்படி இல்லறத்தில் இருக்கும் மருத்துவரிடம் துறவியின் விரதத்தைக் கேட்பது அவர் எடுக்காத விரதத்தை மீறிவிட்டார் என்று குற்றம் சாட்டுவதாகும்.

அப்படியானால் நள்ளிரவில் பாம்பு கடித்து வருபவருக்கு யார் பொறுப்பு? இங்கேதான் மருத்துவமனை என்ற அமைப்பின் பொருள் விளங்குகிறது. காஞ்சிபுரம் பக்கம் திருமுக்கூடலில் சோழ மன்னன் வீரராசேந்திரன் காலத்து, 11-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஓர் ஆதுலர் சாலையை, அதாவது மருத்துவமனையைப் பற்றிப் பேசுகிறது. 15 படுக்கைகள்; ஒரு மருத்துவர், ஓர் அறுவை மருத்துவர், மருந்து கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள்; இவர்கள் செய்யும் பணிக்கு நெல்லும் காசும். அதில் யாருடைய தியாகத்தையும் பற்றிய புகழ்ச்சி இல்லை, இருப்பது ஏற்பாடுதான். இரவும் பகலும் திறந்திருப்பேன் என்ற எல்லையற்ற வாக்குறுதியை ஒரு நிறுவனம் கொடுக்கிறது. அதனுள் வேலை செய்யும் ஒவ்வொருவரும் அளவுள்ள ஒரு பங்கைக் கொடுக்கிறார்கள். நிறுவனத்தின் மகாவிரதம் பலருடைய அணுவிரதங்களால் நிறைவேறுகிறது. தனி கிளினிக் வைத்திருந்த அந்தக் காலத்துக் கைராசி டாக்டருக்கு இந்த வசதி இருக்கவில்லை. நடுநிசியில் கதவு தட்டப்பட்டால் எழ அவர் ஒருவர்தான்.

தூக்கம் பற்றிய ஆய்வுகளும் அளவுள்ள விரதத்தின் பக்கமே நிற்கின்றன. 24 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன் மது அருந்தியவருடையது போலக் குறைகிறது என்று 1997-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. அமெரிக்கத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், 24 மணி நேரத்துக்கும் மேல் நீளும் டூட்டியில் இருந்த பயிற்சி மருத்துவர்கள், நேரம் குறைக்கப்பட்டபோது செய்ததைவிட 36 விழுக்காடு அதிகமாகக் கடுமையான பிழைகள் செய்தார்கள். அந்த விழிப்பு யாருக்காக என்று சொல்லப்படுகிறதோ அந்த நோயாளியின் உடலில்தான் அதன் விளைவு விழுகிறது. நம் நாட்டில் விதி இல்லாமலும் இல்லை. உறைவிட மருத்துவர்களுக்குச் சாதாரணமாக வாரம் 48 மணி நேரம், தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று மத்திய அரசு 1992-லேயே சொல்லிவிட்டது. 32 ஆண்டுகள் கழித்து, 2024-இல், தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு மருத்துவ மாணவர்களின் மனநலத்தை ஆராய்ந்து, உறைவிட மருத்துவர்களின் பணி வாரம் 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. 74-ஐ ஒரு சலுகையாகக் கேட்க வேண்டிய நிலைக்கு நாம் வந்திருக்கிறோம் என்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. டூட்டி நேரத்தைக் குறைத்தால் நோயாளி கைமாறிக்கொண்டே போவார். யாருக்கும் அவரை முழுதாகத் தெரியாது. இது கற்பனை அச்சம் அல்ல. அமெரிக்காவில் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், நீண்ட டூட்டியை ஒழித்தபோது பிழைகள் குறைவதற்குப் பதிலாகக் கூடின. ஆனால் அதே ஆய்வு வேறொன்றையும் கண்டது: புதிய முறையில் ஒவ்வொரு மருத்துவரும் முன்பைவிட அதிக நோயாளிகளைப் பார்க்க வேண்டியிருந்தது, அந்தச் சுமையைக் கணக்கில் எடுத்ததும் வேறுபாடு மறைந்துவிட்டது. ஆளைக் கூட்டாமல் நேரத்தை மட்டும் குறைத்தால் ஓய்வு என்ற பெயரில் பளு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். ஆகவே இந்த மறுப்பு என் வாதத்தைத் தகர்க்கவில்லை, அதன் விலையைச் சொல்கிறது. மருத்துவர் வீட்டுக்குப் போகலாம். அதற்கு இன்னொரு மருத்துவரும், கேஸ் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படுக்கையாக நின்று ஒப்படைக்கும் பழக்கமும் வேண்டும்.

இரண்டாவது மறுப்பு பெரியவர்களின் வாழ்க்கையிலிருந்து வருகிறது. 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்து, ஆண்களுக்கான மன்னர் கல்லூரியில் இடம் பெற்று, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முத்துலட்சுமி ரெட்டி அளவு பார்த்தா உழைத்தார்? அவர் 1954-இல் நிறுவிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் அடுத்த ஆண்டு சேர்ந்து, வளாகத்திலேயே குடியிருந்து, 2021-இல் மறையும்வரை அதற்காகவே வாழ்ந்த மருத்துவர் சாந்தா? சாந்தாவின் வாழ்வு மகாவிரதம்தான், அதற்கு முன் நான் தலைவணங்குகிறேன். ஆனால் அவராக ஏற்றது அது. தானாக ஏற்கும்போது துறவாக இருப்பது, மேலதிகாரி டூட்டி பட்டியலில் எழுதித் திணிக்கும்போது வெறும் சுரண்டலாகிவிடுகிறது. முத்துலட்சுமியின் வாழ்க்கையோ என் கட்சியில் நிற்கிறது. 1914-இல் சுந்தர ரெட்டியை மணப்பதற்கு முன் அவர் நிபந்தனை வைத்தார்: தன்னைச் சமமாக மதிக்க வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. வேலையும் வீடும் ஒன்றையொன்று விழுங்காதிருக்க அன்பு மட்டும் போதாது, பேசி வகுத்த எல்லையும் வேண்டும் என்று அப்போதே அறிந்திருந்தவர் அவர். இன்றும் பெண் மருத்துவர்களுக்கு வீடு என்ற இந்தப் பாதிதான் கடினம். வார்டு அவர்களை விட்டாலும் அடுப்படி விடுவதில்லை. பணிநேரம் குறைந்து, வீட்டில் பங்கீடு மாறாவிட்டால் அவர்களுக்குக் கிடைப்பது வாழ்க்கை அல்ல, இரண்டாவது டூட்டி.

இனி மருத்துவர்களிடம் கேட்க வேண்டியது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவர்கள் பணி நேரத்துக்கு வெளியே தனியாகத் தொழில் செய்ய அனுமதி உண்டு. வார்டிலிருந்து மீட்ட மாலை முழுவதும் சொந்த கிளினிக்குக்கோ தனியார் மருத்துவமனைக்கோ போய்விடுமானால், ஓய்வின் பெயரால் நான் சொன்ன எதுவும் அங்கே பொருந்தாது. சமணத்தின் அணுவிரதங்களில் பொருள் சேர்ப்பதற்கு எல்லை வகுப்பதும் ஒன்று. அளவு என்ற சொல்லைத் தன் உழைப்புக்கு மட்டும் பயன்படுத்தி, தன் வருவாய்க்குப் பயன்படுத்த மறுப்பவர் இந்த வாதத்தின் துணையைக் கோர முடியாது. மேற்படிப்புக்குத் துறை தேர்வு செய்யும்போது நல்ல மதிப்பெண் பெற்றவர்கள் கதிரியக்கத்தையும் தோல் மருத்துவத்தையும் நாடுவதை ஆசை என்று பழிப்பவர்கள் உண்டு. ஆசையும் இருக்கலாம். பிரசவ வார்டையும் மயக்க மருந்தியலையும் மனிதர் வாழ முடியாத இடங்களாக நாம் வைத்திருப்பதும் அதற்குக் காரணம்.

புதுக்கோட்டை மாவட்டத்து மணமேல்குடியிலோ ஆவுடையார்கோவிலிலோ அடுத்த மருத்துவர் வராத ஓர் இரவு வந்தால்? அப்போது இருப்பவர் கிளம்பக் கூடாது. ஒப்படைக்க ஆள் இல்லாத வரை நோயாளி அவருடையவர், அணுவிரதமும் விரதம்தான். ஆனால் அவர் அப்படித் தங்கிய இரவை அவருடைய தொண்டுள்ளம் என்று பாராட்டிவிட்டு நிர்வாகம் நகர்ந்துவிட முடியாது. அதைக் காலிப் பணியிடம் என்று பதிவேட்டில் எழுத வேண்டும். மறுநாள் பகலை அவருக்கு விடுப்பாகத் தர வேண்டும். அந்த இடத்துக்கு ஆள் போட வேண்டும்.