கவுண்டரின் இரு பக்கம்



விடுதலைப் பயண நூலின் இரண்டாம் அதிகாரத்தில் மோசே அடுத்தடுத்து இரண்டு நாள் வெளியே போகிறார். முதல் நாள், எகிப்தியன் ஒருவன் எபிரேயன் ஒருவனை அடிப்பதைப் பார்க்கிறார். மறுநாள் பார்த்தால், எபிரேயர் இருவர் தங்களுக்குள் அடித்துக்கொள்கிறார்கள். இருவர் முதுகிலும் இருப்பது ஒரே பார்வோன் ஏற்றிய சுமை. அவனை நெருங்க முடியாத கோபம் பக்கத்தில் நிற்கிறவன்மேல் இறங்குகிறது. தவறு செய்தவனைப் பார்த்து, உன் கூடப் பிறந்தவன் போன்றவனை எதற்கு அடிக்கிறாய் என்று மோசே கேட்கிறார். நம் சந்தாபுராவில் இன்று கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்.

இரவு எட்டு மணிக்கு ஆனேக்கல் ரோடு திரும்பும் இடத்தில் பிரியாணிக் கடைகளின் வாசலைப் பாருங்கள். வண்டியைப் போட்டுவிட்டு டெலிவரித் தம்பி ஓடி வருகிறான். உள்ளே இருப்பவர் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. “கடைசி நாலு நம்பர் சொல்லு. ரெடியாகல. வெளிய நில்லு.” ஐந்து நிமிடம் கழித்து இவன் குரலை உயர்த்துகிறான்: “எவ்வளவு நேரம்தான் நிக்கிறது? சீக்கிரம் கொடுய்யா!” தமிழிலும் கன்னடத்திலும் இந்தியிலும் இதே பேச்சுதான்.

இந்தச் சண்டை எங்கே தொடங்குகிறது? சமையலறைத் திரையில் நிமிடங்கள் ஓடுகின்றன. தாமதமானால் கடையின் ரேட்டிங் குறையும், முதலாளி திட்டுவார். அதனால் கோழி இன்னும் எண்ணெயில் இருக்கும்போதே ‘ரெடி’ பட்டனை அழுத்திவிடுகிறார்கள். அந்தச் சின்னப் பொய் தம்பியின் போனுக்குப் போகிறது. ஓசூர் ரோடு நெரிசலில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து சேர்கிறவன், வாசலில் நிற்கிறான். நிற்கும் நேரத்துக்குப் பெரிதாகக் காசு கிடையாது. அடுத்த ஆர்டரும் போய்விடும். இதற்கிடையே ஆர்டர் போட்ட வீட்டிலிருந்து போன் வருகிறது. அந்தப் போனைச் செய்கிறவர்கள் நாம்தான். இவன் யாரிடம் கத்துவான்? ஆப்பிடம் கத்த முடியாது. கண்முன் நிற்பது கவுண்டர்ப் பையன் மட்டுமே.

அந்தப் பையனும் கிருஷ்ணகிரியிலிருந்தோ தர்மபுரியிலிருந்தோ வந்து வாடகை அறையில் நான்கு பேரோடு படுக்கிறவன். உள்ளே தோசை ஊற்றுகிறவர் அசாமிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவர். அவரை ‘டேய்’ என்று கூப்பிடத் துணிகிறோமே, ஏன்? நம் மொழியில் திருப்பிப் பேச அவருக்கு வராது என்பது நமக்குத் தெரியும். இது பாவம், அன்பர்களே. பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய பாவம்.

2025இல் கர்நாடக அரசு ஆப் வழித் தொழிலாளர்களுக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தது. அவர்களுக்கு நல வாரியம் உண்டு. ஒவ்வொரு பரிமாற்றத்திலும் அவர்களுக்குத் தரும் தொகையில் 1 முதல் 5 சதவீதம் வரை நல நிதிக்குக் கம்பெனி கட்ட வேண்டும். காரணம் சொல்லாமல், 14 நாள் முன்னறிவிப்புத் தராமல் ஒருவரை நீக்க முடியாது. கடைத் தொழிலாளர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2018இல் கேரளமும் 2021இல் தமிழ்நாடும் சட்டம் செய்தன. இவற்றை நான் மனதார வரவேற்கிறேன். 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் நிலை பற்றிச் சுற்றுமடல் எழுதிய நாளிலிருந்து திருஅவை கேட்டுவரும் நீதி இது. இன்றைய திருத்தந்தை பதினான்காம் லியோ அந்தப் பெயரை எடுத்துக்கொண்டதற்கு அந்த மடலையே முக்கியக் காரணமாகச் சொன்னார்.

ஆனால் சட்டம் கம்பெனியைக் கட்டுப்படுத்தும். கவுண்டருக்கு முன்னால் நிற்கிறவனிடம் ‘வாங்க, உட்காருங்க’ என்று சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தாது. துணிக்கடையிலும் சூப்பர் மார்க்கெட்டிலும் நாள் முழுக்க நின்று கால் வீங்கி வீட்டுக்குப் போகும் என் சகோதரியே, நிற்பதன் வலி உனக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்? வாசலில் நிற்கிறவனுக்கு ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட உன்னைவிடப் பொருத்தமானவர் யார்? டெலிவரி வேலைக்கு வரும் பெண்கள், வழியில் கழிப்பறைக்கு இடம் கிடைக்காதென்று பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். கடைக்குள் ஒரு கழிப்பறைக் கதவு இருக்கிறது. அதைத் திறந்துவிட யாருக்கும் ஒரு செலவும் இல்லை.

இன்னொன்று. சட்டையில் எழுதியிருக்கும் கம்பெனியின் பெயரைச் சொல்லித்தான் அந்தத் தம்பியைக் கூப்பிடுகிறோம். நல்ல ஆயன் தம் ஆடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதாக யோவான் எழுதுகிறார். தினமும் வருகிறவனின் பெயர் நமக்குத் தெரியாமல் இருப்பது நியாயமா?

ஆகவே, வண்டி ஓட்டும் தம்பிகளே, கடைக்குள் போனதும் முதலில் வணக்கம் சொல்லுங்கள். தாமதமானால், அடுப்படியில் நிற்கிறவரும் உங்களைப் போல ஓடுகிறவர்தான் என்று எண்ணிப் பேசுங்கள். கவுண்டரில் இருக்கும் பிள்ளைகளே, ஆகாத சாப்பாட்டை ஆகிவிட்டது என்று அழுத்தாதீர்கள்; பத்து நிமிடம் ஆகும் என்றால் பத்து நிமிடம் என்றே சொல்லுங்கள். வீட்டிலிருந்து ஆர்டர் போடும் நாம், தாமதத்துக்காக அவனைத் திட்டுவதை இன்றோடு விடுவோம். கடை வைத்திருக்கும் பங்குமக்களே, உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: இந்த வாரமே வாசலில் ஒரு பெஞ்சும் தண்ணீர்க் கேனும் வையுங்கள், கழிப்பறைச் சாவியைக் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள்.