எச்சரிக்கை யாருடைய உடைமை?

வழியில் கிடக்கும் கல்லை அகற்றுவது நற்செயல் என்று நம் இல்லங்களில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். அகற்ற இயலாதபோது, பின்னால் வருபவரிடம் சொல்லிவிட்டாவது செல்ல வேண்டும். அக்கடமையை இன்று இயந்திரமும் செய்யத் தொடங்கியிருக்கிறது. அதனோடு பழைய வினா ஒன்று புதுக்கோலம் பூண்டு நிற்கிறது: ஆபத்தை முதலில் அறிந்தவருக்கு, அந்த அறிவைத் தமக்கென வைத்துக்கொள்ளும் உரிமை உண்டா?

சுவீடனிலும் நார்வேயிலும் குளிர்காலச் சாலைகளின் மீது கண்ணுக்குப் புலப்படாத பனிக்கட்டி படர்வதுண்டு. 2016ஆம் ஆண்டு வோல்வோ நிறுவனம் அங்கு ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. சக்கரம் பிடிமானம் இழந்து வழுக்குவதைக் காரிலுள்ள கருவிகள் உணர்கின்றன. அச்செய்தி கம்பியில்லா இணைப்பின் வழியே கணிப்பொறி மையத்தை அடைந்து, அவ்விடத்தை நோக்கி வரும் மற்றக் கார்களுக்குச் செல்கிறது. ஓட்டுபவர் முன்னரே வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். விபத்தொன்று தவிர்ந்தால் உயிர் மட்டுமா தப்புகிறது? நெடுநேரம் தேங்கி நின்று, எரிபொருளை வீணாக்கிப் புகை கக்கும் வாகன வரிசையும் அன்றோ தவிர்கிறது!

ஆயினும், கார்களைப் பொறுத்தவரை அந்த எச்சரிக்கை அதே நிறுவனத்தின் கார்களுக்கே எட்டியது. அடுத்து வருவது வேறு நிறுவனத்தின் காராயின், அதற்குப் பனிக்கட்டி இரக்கம் காட்டுமா?

பெரும்பொருள் செலவிட்டு அமைத்ததை ஏன் இலவசமாகத் தரவேண்டும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. கருவி, செய்தவருடைய உடைமை, அதை விற்கலாம். ஆனால் வழுக்கும் இடம் இன்னதென்ற செய்தி எவரும் செய்த சரக்கன்று. அது பின்னால் வருபவருக்குச் சேரவேண்டிய அடைக்கலப் பொருள். நம் வழக்கில் சொன்னால், அமானிதம்.

இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. 1959இல் நில்ஸ் போலின் என்னும் பொறியாளர் மும்முனை இருக்கைப் பட்டையை வோல்வோவுக்காக வடிவமைத்தார். அதன் காப்புரிமையைப் பிற நிறுவனங்களும் பயன்படுத்த அந்நிறுவனம் இசைந்தது. 2013இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு விதி செய்தது: வழுக்கும் சாலை, பாதையில் நிற்கும் விலங்கு, எதிர்த்திசையில் வரும் வாகனம் போன்ற ஆபத்துகளைப் பற்றிய செய்தி, இயன்றவரை கட்டணமின்றி மக்களுக்குக் கிடைக்க வேண்டும். 2019இல் ஐரோப்பிய அரசுகள் சிலவும், போட்டியாளர்களான கார் நிறுவனங்களும் இத்தகைய செய்திகளைத் தம்முள் பகிர்ந்துகொள்ளும் சோதனை முயற்சியில் இணைந்தன. சந்தையில் போட்டியிடலாம்; சாவை முன்னறிந்து சொல்வதில் போட்டிக்கு இடமேது?

இங்கு மற்றோர் அச்சமும் எழுகிறது. எங்கே வழுக்கியது என்று சொல்லும் கார், உரிமையாளர் எங்கே சென்றார் என்பதையும் சொல்லிவிடாதா? ஆபத்தை வெளியிடுவது கடமை. அடுத்தவர் அந்தரங்கத்தை வெளியிடுவது குற்றம். இரண்டையும் பிரித்து நிறுத்தும் வழி உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மார்ச் 31 முதல் புதிய வகைக் கார்களில் கட்டாயமாக்கப்பட்ட அவசர அழைப்புக் கருவி, கடும் மோதல் நேரும்வரை உறங்கிக் கிடக்கிறது. மோதல் நேர்ந்தால் மட்டும் தானாக 112 என்னும் எண்ணை அழைத்து, இடம், நேரம், சென்ற திசை முதலிய சிலவற்றைத் தெரிவிக்கிறது. பேசவேண்டிய நேரத்தில் பேசி, மற்ற நேரத்தில் வாய்மூடியிருப்பது மனிதருக்கே அரிய பண்பு!

2021ஆம் ஆண்டில் உலகெங்கும் சாலை விபத்துகளில் மாண்டோர் ஏறத்தாழ 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் என உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் நடந்து சென்றவர்களும், மிதிவண்டியிலும் மோட்டார் சைக்கிளிலும் சென்றவர்களுமே. காரோடு கார் பேசும் உரையாடலில் அவர்களுக்குப் பங்கில்லை. ஆகவே எச்சரிக்கை பெற்றவரின் கடமை, பெறாதவரின் உயிரையும் காப்பதாகும். செய்தியைக் கொண்டுவந்து சேர்ப்பது கருவியின் வேலை; அதைக் கேட்டு வேகத்தைக் குறைப்பது மனிதரின் அறம்.