தெரியாமப் பட்டுடுச்சு!

போன வாரம் உப்பளம் மைதானத்தை ஒட்டிய சாலையில் காரை ஓரங்கட்டிவிட்டுக் கதவைத் திறந்தேன். கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் திறந்ததாக ஞாபகம். பின்னால் சைக்கிளில் வந்த முட்டைக்காரர் கதவில் மோதிவிட்டார். நல்லவேளை, ஆளுக்கு அடியில்லை. ஆனால், ரெண்டு தட்டு முட்டை ரோட்டில்!

"ஐயோ பெரியவரே, தெரியாமப் பட்டுடுச்சு!" என்றேன்.

"பரவால்ல சார்" என்றார். உடையாத நாலைந்தைப் பொறுக்கிக் கொடுத்தேன். மன்னிப்பு கேட்ட திருப்தியோடு கிளம்பிவிட்டேன்.

ராத்திரிதான் உறைத்தது. தட்டுக்கு 30 முட்டை. அந்த நஷ்டம் யாருடையது?

அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. பேட்டர் அடித்த பந்து, தடுப்பாளர்களைத் தொடும் முன்பு, அவர்களைத் தாண்டும் முன்பு, ஓடிக்கொண்டிருக்கும் அவருடைய அணிக்காரர் மேலேயே பட்டால், பெரும்பாலும் ஓடியவர் அவுட். 'வேணும்னு செஞ்சியா?' என்ற விசாரணையே கிடையாது. கொஞ்சம் கொடுமைதான், இல்லையா?

நம்ம கிரிக்கெட் இரக்கமுள்ளது. எறிந்த பந்தை பேட்ஸ்மேன் வேண்டுமென்றே தடுத்தால்தான் அவுட். 2019 உலகக் கோப்பை இறுதிப் போட்டி நினைவிருக்கிறதா? லார்ட்ஸ் மைதானம், கடைசி ஓவர். கப்தில் எறிந்த பந்து, பாய்ந்து விழுந்த பென் ஸ்டோக்ஸின் மட்டையில் பட்டு எல்லைக் கோட்டைத் தாண்டியது. அவர் கையைத் தூக்கி மன்னிப்பு கேட்டார். யாரும் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால், 6 ரன் இங்கிலாந்து கணக்கில் ஏறியது. ஆட்டம் சமன், சூப்பர் ஓவரும் சமன், பவுண்டரிக் கணக்கில் கோப்பையும் போனது. மன்னிப்பு ஒரு பக்கம், லாபம் ஒரு பக்கம்!

நான் செய்ததும் அதுதானே?

பிரெஞ்சுக்காரர்கள் நம் புதுச்சேரியில் விட்டுப்போன பெத்தாங் ஆட்டத்தைப் பாருங்கள். இரும்புக் குண்டை உருட்டிவிட்டு நிற்பார்களே, அதேதான். நீங்கள் இலக்கை நோக்கி உருட்டிய குண்டு தவறுதலாக உங்கள் அணிக்காரர் காலிலேயே பட்டால், அது செல்லாது. எதிரணிக்காரர் காலில் பட்டால்? மறுபடி உருட்டலாம், அல்லது நின்ற இடத்திலேயே விட்டுவிடலாம். முடிவு உங்களுடையது. அதாவது, யாருக்கு நஷ்டமோ, அவரைக் கேட்கிறார்கள்.

நான் அந்தப் பெரியவரைக் கேட்கவே இல்லை. 'தெரியாம' என்று முந்திக்கொண்டேன். 'பரவால்ல' என்பதைத் தவிர அவருக்கு வேறு வழியே வைக்கவில்லை. கார்க்காரனிடம் சைக்கிள்காரர் வேறு என்ன சொல்வார்?

பஸ்ஸில் தெரியாமல் யார் மேலாவது கால் பட்டுவிட்டால், உடனே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். வேண்டுமென்று மிதித்தவனா அப்படிச் செய்கிறான்? தெரியாமல் பட்டதற்குத்தான் அந்த மரியாதை. தெரியாமல் நடந்தது நம்மைக் குற்றவாளி ஆக்காது. சரி. ஆனால், கடன்காரன் ஆக்குமே!

நான் பி.காம். படித்தவன். எங்கள் பேரேட்டில் 'உள்நோக்கம்' என்றொரு பத்தி கிடையாது. நஷ்டம் என்று ஒன்று வந்தால், யார் பேரிலாவது எழுதியே ஆக வேண்டும். நாம் எழுதாவிட்டால், அது தானாகவே ஏழை பேரில் ஏறிவிடும்.

மூணு நாளாக அதே நேரத்துக்கு அதே இடத்தில் போய் நிற்கிறேன். முட்டைக்காரரைக் காணோம். ரெண்டு தட்டுக்கான பணம் சட்டைப் பையிலேயே இருக்கிறது.

கணக்கு இன்னும் டேலி ஆகவில்லை.